வேடிக்கை பார்க்க விடாத மேடம்

யாராவது கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தால் மேடத்துக்கு ஆகவே ஆகாது. நேராக அந்த ஆளிடம் போய், "ஏங்க, ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க" என்று எதையாவது கையில் திணித்துவிடுவார். அது கயிற்றின் ஒரு முனையாக இருக்கலாம், பறையாக இருக்கலாம், யாரோ பெற்ற குழந்தையாகவும் இருக்கலாம். வாங்கிக்கொண்டவர் திருப்பிக் கொடுக்கலாம் என்று நிமிர்ந்தால் மேடம் அங்கே இருக்க மாட்டார், அடுத்த ஆளைப் பிடிக்கப் போயிருப்பார். சந்தைக்குக் காய் வாங்க வந்த ஒரு மனிதர் ராஜாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நாடகம் முடியும் வரை நின்றதை நானே பார்த்தேன். கத்தரிக்காய்ப் பை அவர் காலடியில் இருந்தது. ராஜாவாக நடித்த மாணவன் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது.

மேடமும் நானும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரி. நான் வணிகவியல், அவர் காட்சித் தொடர்பியல். நுண்கலை மன்றம் அவர் பொறுப்பில் இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பருத்திப் புடவை கட்டுவார், அதற்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ. மற்றபடி எங்கே படித்தார், வீட்டில் யார் யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பார். கேட்பதற்கு அவர் ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே.

எனக்கு உட்காருவதுதான் பிடிக்கும். ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைப் பல வருடமாகப் பிடித்து வைத்திருந்தேன். மேடம் வந்த பிறகு அதில் ஒரு பீரியடு முழுதாக உட்கார்ந்ததாக நினைவில்லை. கதவுக்கு வெளியே ஷூ சத்தம் கேட்கும். "சார், கிளம்பலாமா?" எங்கே என்று கேட்டால் பதில் வராது. படியிறங்கிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் எங்கள் மாணவர்கள் நாடகம் போட்டார்கள். மூடிய ரயில்வே கேட்டுக்குள் குனிந்து புகுகிறவர்களைப் பற்றிய விழிப்புணர்வு நாடகம். விழிப்புணர்வு என்றாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும், அன்றும் வந்தது. மேடம் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, இதுதான் மேடை என்றார். கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு போலீஸ்காரரும் வந்து சேர்ந்தார்.

"யாரைக் கேட்டுங்க இங்க கூட்டம் போடறீங்க? பஸ்ஸு திரும்பறக்கு எடம் வேண்டாமா?"

அனுமதி வாங்கியிருக்கிறோம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இப்ப ரயில் வரப்போவுது. கேட்கீப்பர் விசில் ஊதணும். எங்க பையனுக்கு ஊதவே வரல. நீங்க ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வட்டத்துக்குள் கால் வைத்து, உயிரைக் கொடுத்து ஊதினார். நாடகத்து ரயில் நின்றது. நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த ஈரோட்டு பஸ்ஸும் நின்றது. "ஏனுங்க சார், நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்?" என்று நடத்துனர் இறங்கி வந்தார். மேடம் அவர் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார். பயணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில் எனக்கு ஒரே சந்தோஷம். மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"தட்டற கைக்கு வேற வேலை இல்லைன்னு அர்த்தம் சார். இன்னும் நாலு பேரை உள்ள இழுத்திருக்கணும்" என்றார்.

இப்படி ஊருக்குள் கலையைக் கொண்டுபோகிற திட்டத்துக்கு எங்கள் முதல்வர் 'ஊரோடு கலை' என்று பெயர் வைத்திருந்தார். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அதற்காக அச்சடித்த பேனரில் அந்தப் பெயர் சின்ன எழுத்திலும், 'சேர்க்கை நடைபெறுகிறது' என்பது பெரிய எழுத்திலும் இருக்கும். மேடம் போகிற இடத்திலெல்லாம் பேனரைத் திருப்பிக் கட்டிவிடுவார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், திரைச்சீலைக்கு ஆகும். புகைப்படத்தில் கல்லூரியின் பெயரைத் தேடித் தேடி முதல்வருக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாடம் நடத்துவது பாதி வேலைதான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஆளுக்கு ஓர் ஊராகப் பிரிந்து வீடு வீடாகப் போய், "உங்க பிள்ளையை எங்க காலேஜ்ல சேருங்க" என்று கேட்க வேண்டும். கேன்வாசிங் என்று பெயர். பிள்ளை பிடித்து வராத வாத்தியாருக்கு அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்பது நிச்சயமில்லை. குமாரபாளையம் என் சொந்த ஊர் என்பதால் அந்தப் பகுதியை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். மேடத்தையும் என்னோடு சேர்த்துவிட்டது முதல்வரின் சிக்கன புத்தி.

"நீங்க அட்மிஷனைப் பாருங்க, அவங்க கலையைப் பாக்கட்டும். ரெண்டு வேலைக்கும் ஒரே கார், ஒரே டீசல்" என்றார். கூடவே, "தாளாளர் வருஷா வருஷம் கேக்கறாருங்க, இந்த ஊர்க்கலையால நமக்கு என்ன வந்துச்சுன்னு. ஒண்ணும் வரலீன்னா நிறுத்திப்போடலாம்ங்கறாரு. மேடத்துகிட்டச் சொல்லி வையுங்க."

அந்தத் திட்டத்துக்காகத்தான் மேடத்தை வேலைக்கு எடுத்திருந்தார்கள். திட்டம் நின்றால் அவர் வேலையும் நிற்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துமா அப்படி நடந்துகொண்டார் என்று கேட்டால், ஆமாம், தெரிந்துதான்.

முதல் கோடையில் கேன்வாசிங்குக்கு ஒரு வீட்டுக்குப் போனோம். போர்வெல் லாரி வைத்திருக்கிற வீடு. வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே எங்கேயோ போர் போடப் போயிருந்தார். பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள், நல்ல மதிப்பெண். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அவியளத்தான் கேக்கோணும் சாமி. ஆனா போன் பண்ணுனாப் பேசறது ஒண்ணும் வெளங்காதுங்க" என்றார். சொன்னதோடு விடாமல், போர் போடுகிற ரிக் எந்திரம் ஓடுகிற இடத்தில் நின்று கணவர் போன் பேசுவது எப்படி இருக்கும் என்று பேசிக் காட்டினார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஹாங்? ஹாங்? தண்ணி வந்திருச்சா, பொண்ணு பாஸாயிருச்சா, எதுடீ மொதல்ல?" என்று அவர் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மேடம் மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, இதை இன்னொரு தடவை பண்ணுங்க. ஆனா வீட்டுக்குள்ள இல்ல, வாசல்ல வந்து பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். சற்று நேரத்தில் வாசலில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவைத் தண்ணீராகவும் எதிர்வீட்டுக்காரரை லாரியாகவும் நிற்க வைத்துவிட்டார். நான் மேடத்தின் காதில், "அட்மிஷன், மேடம், அட்மிஷன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "வரும் சார், வரும்" என்றார். அந்தப் பெண் ஈரோட்டில் வேறு ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அம்மா மட்டும் எங்கள் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

குமாரபாளையத்துக்கு வருகிறேன். ஊர் முழுக்க விசைத்தறி. விடிந்ததிலிருந்து தறிச் சத்தம்தான். எங்களுக்கு அது கேட்பதே இல்லை, வெளியூர்க்காரர்கள்தான் காதைப் பொத்துவார்கள். மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். ஷட்டவுன் என்போம். அன்றைக்கு மொத்தத் தறியும் நிற்கும். ஆட்கள் தெருவுக்கு வருவார்கள், துணி துவைப்பார்கள், சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். மேடம் ஒத்திகைக்குப் பிடித்துக்கொண்டது அந்த நாளைத்தான். ஷட்டவுன் அறிவிப்பை எனக்கு முன்னால் அவர் தெரிந்து வைத்திருப்பார்.

அங்கே அவருக்கு அகப்பட்டவர் சரசு அக்கா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ஒரு தறிக்கூடத்தில் வேலை. அவருடைய மகள் எங்கள் கல்லூரியில்தான் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் மேடம் தெருவில் சாக்பீஸ் வட்டம் போட்டபோது சரசு அக்கா துணிப்பக்கெட்டோடு நின்று பார்த்தார். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த தோழிக்குக் கையால் ஏதோ காட்டினார். தோழி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேடம் பார்த்துவிட்டார்.

"அக்கா, என்ன சொன்னீங்க இப்ப?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

"சும்மா சொல்லுங்க. என்னைப் பத்தித்தான?"

"அது வந்துங்க..., 'கோழி முட்டை உடறக்கு எடம் தேடுது'ன்னு சொன்னனுங்க."

மேடத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தறி ஓடும்போது வாய் திறந்து பேசிப் பயனில்லை. அதனால் தறிக்காரர்களுக்கு உதடும் கையும்தான் பேச்சு. நூல் அறுந்தால் அதற்கு ஒரு கை, டீ வந்தால் ஒரு கை, முதலாளி வந்தால் வயிற்றின் மேல் ஒரு கை. நாத்தனார் சண்டை, சீட்டுக் கம்பெனி, மாப்பிள்ளை பார்த்த கதை எல்லாம் இந்தக் கையாலேயே ஓடும். நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். இதையெல்லாம் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே கிடையாது.

அன்றிலிருந்து ஷட்டவுன் வந்தால் மேடம் அங்கேதான். பெண்கள் ஏழெட்டுப் பேர், கல்லூரி மாணவர்கள் சிலர். நாடகத்தை அந்தப் பெண்களே கட்டினார்கள். கதை இவ்வளவுதான். தறிக்கூடத்துக்குள் முதலாளி வந்து கத்து கத்தென்று கத்துகிறார். சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் பயபக்தியோடு தலையை ஆட்டிக்கொண்டே கையால் அவரைக் கிழி கிழி என்று கிழிக்கிறார்கள். அவர் போன பிறகு, என்ன சொன்னார் என்று ஒவ்வொருத்தியும் தனக்கு வேண்டியதைச் சொல்கிறாள். ஒருத்திக்கு நாளை விடுமுறை, ஒருத்திக்குப் புதுச் சேலை, ஒருத்தியை முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கே கூப்பிட்டிருக்கிறார். சரசு அக்கா வேலை செய்த கூடத்தின் முதலாளி ஒத்திகையை இரண்டு தடவை வந்து பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். அது பக்கத்துத் தெரு முதலாளியைப் பற்றியது என்று அவர் உறுதியாக நம்பினார்.

எல்லாம் சிரிப்பாகவே போனது என்று சொல்ல மாட்டேன். குழுவில் இருந்த இன்னொரு பெண்ணின் படத்தைக் கல்லூரி தன் விளம்பரத்துக்காக முகநூலில் போட்டது. அதை அவளுடைய மாமனார் வீட்டில் யாரோ பார்த்துவிட்டு, நடுத்தெருவில் கூத்தாடுகிறாளா என்று பெரிய ரகளை. மேடம் கல்லூரி அலுவலகத்தில் கத்தித் தீர்த்துப் படத்தை எடுக்க வைத்தார். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனோம். அவள் கதவை முழுசாகத் திறக்கவில்லை. "எனக்கு வேண்டாமுங்க மேடம். நீங்க போயிருவீங்க. நாந்தான் இங்க குடியிருக்கோணும்" என்றாள்.

வெளியே வந்ததும் மேடம் வேகமாக நடந்தார். தெருமுனை வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. நிற்கிறவர்களையெல்லாம் உள்ளே இழுத்துவிடுகிறீர்கள், உள்ளே வந்தவர்களுக்கு வெளியே என்ன காத்திருக்கிறது என்று யோசித்தீர்களா என்று கேட்டே விட்டேன்.

"யோசிச்சா ஒருத்தரையும் கூப்பிட முடியாது சார்" என்றார். சொல்லிவிட்டு எதிரே ஒரு கடையில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணா, உங்களுக்குப் பறை அடிக்க வருமா?" என்று கேட்கப் போய்விட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அன்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கடைசியில் தாளாளரே நேரில் வந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. பார்த்துவிட்டுத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். எங்கள் தாளாளர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அளந்த பேச்சு. நடந்து போகும்போது கூப்பிட்டால் பல நேரம் திரும்பக்கூட மாட்டார். தலைக்கனம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். அவர் வருகிற நாளாக அடுத்த ஷட்டவுன் நாளையே மேடம் கேட்டு வாங்கினார். தெருவில் நாடகம், தெருவே கூடும், தாளாளர் முன்னால் நாற்காலி. முதல்வரும் மனசு நிறைந்து பேனரை நேராகவே கட்டச் சொன்னார்.

அன்று காலை ஷட்டவுன் தள்ளிவைக்கப்பட்டது. நாங்கள் குமாரபாளையத்துக்குள் நுழையும்போதே ஊர் இரைந்துகொண்டிருந்தது. தறி ஓடினால் ஆள் வெளியே வர முடியாது. சரசு அக்கா தறிக்கூடத்து ஜன்னலிலிருந்து கையை விரித்துக் காட்டினார்.

முதல்வர் முன்யோசனைக்காரர். "மேடம், பக்கத்துல கல்யாண மண்டபத்தைச் சொல்லி வெச்சிருக்கறன். நம்ம புள்ளைகளை வெச்சு ஒரு டான்ஸு போட்டுக்கலாம். ஐயா உக்காந்து பாப்பாரு, போட்டோ எடுத்துக்குவோம், முடிஞ்சுது. உங்க திட்டமும் நிக்காது" என்றார்.

அது உண்மை. அன்று மண்டபத்தில் ஒரு குழு நடனம் ஆடியிருந்தால் திட்டம் நிச்சயம் பிழைத்திருக்கும். நானும் மேடத்திடம் கெஞ்சினேன்.

"இது அவங்க கட்டுன நாடகம் சார். கட்டுனவங்க தறிகிட்ட நிக்கறாங்க. நாம மண்டபத்துல போய் யாருக்கு ஆடறது?" என்று கேட்டுவிட்டு மேடம் நேராகத் தறிக்கூடத்துக்குள் போனார். முதலாளியிடம் என்ன பேசினாரோ, சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்டிருக்காது. ஆனால் தலையை ஆட்டினார்.

இப்படியாக, ஓடுகிற தறிகளுக்கு நடுவே அந்த நாடகம் நடந்தது. பெண்கள் தங்கள் தறியை விட்டு நகரவில்லை. ஒரு கண் நூலில், ஒரு கை நாடகத்தில். சரசு அக்காவின் மகள் அம்மாவின் பக்கத்தில் தறியோடு தறியாக நின்று நடித்தாள். முதலாளி வேடம் போட்ட மாணவன் தொண்டை கிழியக் கத்தினான், ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. சுவரோரம் வரிசையாக நின்ற எங்களுக்கு, பேராசிரியர்கள் முதல் மாணவர்கள் வரை, பாதிக்கு மேல் புரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்களோடு சுவரோரம் நின்ற தாளாளர் மட்டும் சிரித்தார். எங்களுக்கு முன்பே சிரித்தார், சரியான இடத்தில் சிரித்தார். சரசு அக்கா மகளுக்குக் கையால் ஒன்று சொன்னபோது வாய்விட்டே சிரித்துவிட்டு, தாங்க முடியாமல் தன் கையையும் தூக்கினார். வயிற்றின் மேல் வைத்தார், பின்னால் காட்டினார், உதட்டில் விரல் வைத்தார். சரசு அக்காவுக்குச் சிரிப்பில் நூல் அறுந்ததே தெரியவில்லை. தாளாளர் கையால் சொன்னது என்ன என்று பிற்பாடு அக்காவிடம் கேட்டேன். 'முதலாளி பின்னாடியே நிக்கறான், பாத்துப் பேசு' என்று சொன்னாராம். ஒரு காலத்தில் தறியில் நின்ற ஆளாக இல்லாவிட்டால் இவ்வளவு வேகமாகக் கை வராது என்றார் அக்கா.

திட்டம் பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன். மேடமும் அப்படித்தான் நினைத்திருப்பார். வெளியே டீக்கடையோரம் வந்ததும் தாளாளர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"அந்தப் புள்ள யாருங்க, பக்கத்துல நின்னுது?"

"சரசு அக்கா பொண்ணு சார். நம்ம காலேஜ்தான், ரெண்டாவது வருஷம்" என்றார் மேடம்.

தாளாளர் கர்சீப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எங்கம்மா என்னையப் புடிச்சு இந்தச் சத்தத்துல இருந்து வெளிய தள்ளுச்சுங்க. அப்பவும் எடது காதை உள்ளயே உட்டுட்டுத்தான் வந்தேன். காலேஜ் கட்டுனதே இந்தப் புள்ளைகளை வெளிய கொண்டாரத்தான். நீங்க பூட்ஸு போட்ட கால்ல நடந்து வந்து, மறுபடி உள்ள கூட்டீட்டுப் போய் நிறுத்தறீங்களே, மேடம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "போதுமுங்க. இத்தோட போதும்."

அவர் காரில் ஏறிக்கொண்டிருக்கும்போது மேடம் ஓடிப்போய் ஏதோ சொன்னார். "உள்ள கூட்டிட்டுப் போகல சார், உள்ள இருக்கறவங்களோட" என்பது வரை எனக்குக் கேட்டது. அவர் நின்றது தாளாளரின் இடது பக்கம், கேட்காத காதின் பக்கம். கதவு சாத்திக்கொண்டது.

யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தாளாளர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. என் அப்பாவும் தறிக்காரர், அவரும் என்னை அப்படித்தான் வெளியே அனுப்பினார். ஆனால் அந்த மனிதர் கூடத்துக்குள் கையைத் தூக்கியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்லூரியில் ஒரு விழாவில்கூட நான் பார்த்ததில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் மனசு ஒரு நிலையில் நிற்பதில்லை.

திட்டம் நின்றது. மே மாதம் மேடத்துக்கு வேலையும் நின்றது. தெற்கே ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்து சொன்னார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். "இங்க பக்கத்துலயே உப்பளம் இருக்கு சார்" என்றார்.

அடுத்த கோடையில் கேன்வாசிங்குக்காகத் தனியாகக் குமாரபாளையம் போனேன். அன்று ஷட்டவுன். சரசு அக்காவின் தெருவில் ஒரே சிரிப்புச் சத்தம். கல்லூரியும் இல்லை, பேனரும் இல்லை, அந்தப் பெண்கள் அதே நாடகத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வேடத்துக்குப் பையன் இல்லாததால் ஓர் அக்கா கண்மையால் மீசை வரைந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. எனக்கு அந்தக் கார் தெரியும்.

கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, வயிற்றில் தட்டியது, காற்றில் இரண்டு வெட்டு வெட்டியது. தெருவின் அந்தக் கோடியிலிருந்து சரசு அக்கா கையாலேயே பதில் சொன்னார். தறி ஒன்றும் ஓடவில்லை, வாய்விட்டே பேசியிருக்கலாம். பிறகு கண்ணாடி ஏறியது, கார் பின்பக்கமாகவே நகர்ந்து போய்விட்டது.

"என்னக்கா சொன்னாரு?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"மொதலாளிக்குக் கோவம் பத்தாதாமுங்க. இன்னும் நல்லாக் கத்தோணுமாம்" என்றார் சரசு அக்கா. "ஒவ்வொரு ஷட்டவுனுக்கும் வாராருங்க. வண்டிய உட்டு எறங்கறதில்லீங்க. நாங்களும் கூப்புடறதில்லீங்க, பெரிய மனுசரு பாருங்க."

அன்று சாயங்காலமே மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் வேலையைப் பறித்த மனிதரைப் பற்றிய செய்தி. கேட்டு மனம் ஆறுவார், பாருங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். கார் பின்பக்கமாக நகர்ந்தது வரை சொன்னேன். மேடம் கத்தினாரே ஒரு கத்து.

"அந்த மாதிரி கை பேசற ஆளு அந்த ஊருக்குள்ளயே கிடையாது! மீசை வரைஞ்சுட்டு ஒரு அக்கா நிக்கறாங்க, நிஜ முதலாளி கார்ல உக்காந்திருக்காரு. நீங்க எல்லாரும் பாத்துட்டு நின்னீங்களா? சும்மாவா சார் போக விட்டீங்க அவரை?"